கெல்லர் துரை படத்திலிருந்து வந்தவர்

மே மாத வெயிலில், தோளிலும் தொப்பியிலும் பனி படிந்த ஒரு மனிதர் செம்பாறை ஜங்ஷனில் வந்து இறங்கினார் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் பனியைப் பற்றித்தான் கேட்பார்கள். நாங்கள் முதலில் கேட்டது டிக்கெட். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான், டிக்கெட் உள்ளவர்கள், இல்லாதவர்கள், இவரிடம் இல்லை. காலை பாசஞ்சரின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, ஆளை ஆள் இடித்துக்கொண்டு போகிற பிளாட்பாரத்தில் யாரும் இடிக்காமல் நின்ற அவர், தொப்பி முதல் பூட்ஸ் வரை, கண்ணின் வெள்ளை முதல் மீசையின் கறுப்பு வரை சாம்பலின் அத்தனை சாயலிலும் இருந்தார், வேறு எந்த நிறத்திலும் இல்லை. சூரியன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்க, எங்கள் நிழலெல்லாம் மேற்கே விழ, அவர் நிழல் மட்டும் தெற்கே விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நரசிம்மலு நாயுடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, இவர் நேற்று சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் போட்ட படத்தின் கடைசியில் நடந்து போனவர், இன்று வருவதாக, மைக்கில் ரயில் சொல்கிற நம் பிலோமினா அறிவிப்பும் கொடுத்திருக்கிறாள், அறிவிப்புக் கொடுத்து வந்தவரை டிக்கெட் கேட்டு நிறுத்தக் கூடாது என்று சொல்லி, வெயிட்டிங் ரூமைத் திறந்துவிடச் சொன்னார்.

இன்ஸ்டிட்யூட் என்பது வெள்ளைக்காரன் காலத்தில் டிரைவர்களும் கார்டுகளும் பொழுதுபோக்கக் கட்டிய கூடம். சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் லண்டனுக்கும் கிளம்பிப் போனபோது, துணி கிழிந்த ஒரு பில்லியர்ட்ஸ் மேஜையையும், ஒரு புரொஜெக்டரையும், தகரப் பெட்டிகளில் ஆறு படங்களையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆறும் ஒரே ஆள் எடுத்தவை. ஆம்ப்ரோஸ் கெல்லர் என்று பெயர், ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் பெரிய கை என்று சொல்வார்கள். எங்களுக்கு அவர் கெல்லர் துரை. வேறு படம் வாங்க வழியில்லாததால் சனிக்கிழமைதோறும் அந்த ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டோம், நெல்லையிலும் மதுரையிலும் ஜனங்கள் வண்ணப் படம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கெல்லர் துரையின் ஆறு படத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பனி கொட்டுகிற ஊரில் தனியாக ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் எதுவோ உடைந்திருக்கும், எங்கிருந்தோ ஒருவர் வந்து அதைச் சரிசெய்வார், சரிசெய்துகொண்டே அந்த வீட்டின்மேல் பிரியம் வைத்துவிடுவார், கடைசியில் போய்விடுவார். போகிறவரோடு கேமரா போகாது. அது சமையலறையிலேயே நின்றுவிடும். இருக்கிறவள் ஜன்னல் வழியாகப் பார்க்க, அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து நாமும் பார்க்க, போகிறவர் பனி மூடிய பாதையில் சின்னதாகி, புள்ளியாகி, புள்ளியும் இல்லாமலாவார். கெல்லர் துரை அந்த இடத்தில் ஒரு பிடில் சத்தம்கூட வைக்கவில்லை. மனிதர் கல்நெஞ்சுக்காரர் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலீஷ் படத்துக்கு மைக்கில் தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டும். சொல்லிக்கொண்டிருந்த ரிட்டயர்டு டிரைவரும் மகளிடம் பெர்த்துக்குப் போய்விட்டதால், நாயுடு பிலோமினாவைக் கேட்டார். பிலோமினாதான் எங்கள் ஸ்டேஷனின் குரல். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சில நூறு பேர் என்றால் குரலைக் கேட்டவர்கள் பல லட்சம் பேர் இருப்பார்கள். பார்சல் ஆபீசுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் மைக்கையும் டெலிபோனையும் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷமாக அவள் ரயில்களை வரவேற்றாள், வழியனுப்பினாள், ஒன்றைக்கூடப் பார்க்காமல். அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. எழுத்தில் உத்தரவு கைக்கு வராதவரை எந்த வண்டியையும் வராது என்று சொல்லக் கூடாது. வண்டி எங்கே நிற்கிறது என்று கடவுளுக்கே தெரியாவிட்டாலும், தாமதமாக வந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் கணவர் சவரிராயன் எஞ்சினில் கரி தள்ளுகிற பயர்மேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் டியூட்டிக்கு என்று கிளம்பியவர் டியூட்டிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. இறந்ததாகவும் தகவல் இல்லை, எங்கோ இருப்பதாகவும் இல்லை. யாராவது கேட்டால், வருவாவ, கொஞ்சம் லேட்டாகுது என்பாள் பிலோமினா. அதற்கு மேல் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வராது.

பனியோடு அந்த மனிதர் வந்து இறங்கியதற்கு முந்தின நாள்தான் அவள் கதை சொன்ன முதல் சனிக்கிழமை. இங்கிலீஷ் அவளுக்குப் பிளாட்பாரத்துக்கு வேண்டிய அளவுதான் தெரியும், மீதியை முகங்களைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள். அசல் கதையைவிட அது நன்றாகவே இருந்திருக்கும். தொப்பி வைத்த ஒருவர் ஒரு விதவையின் வீட்டுக் கூரையை வேய்ந்து கொடுத்துவிட்டுக் கடைசியில் கிளம்பினார். ஜன்னலில் அவள் நின்றாள். பாதையில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார். முன்வரிசையில் இருந்த பெண்கள், எங்க போறாரு, திரும்பி வருவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மைக் கையில் இருக்கும்போது மௌனமாக இருந்து பிலோமினாவுக்கு வழக்கமில்லை, வாய் தானாகப் பேசிவிட்டது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தொப்பி அணிந்த பயணி தாமதமாக வந்துகொண்டிருக்கிறார். நாளைக் காலை முதலாவது பிளாட்பாரத்துக்கு வந்து சேருவார்.”

நாங்கள் சிரித்தோம், கைதட்டினோம், வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். காலையில் அவர் வந்து சேர்ந்தார்.

இரண்டு நாள் அவரை வெயிட்டிங் ரூமில் வைத்திருந்தோம். பிறகு காலனிப் பெண்கள் கூடிப் பேசி, அழைத்தவள்தான் சோறு போட வேண்டும் என்று தீர்த்துவிட்டதால், தொப்பிக்காரர் பிலோமினாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். வீண்பேச்சு கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. நிறமே இல்லாத ஒருவரைப் பற்றி என்னவென்று பேசுவது. அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. படத்தின் கடைசி ரீலில் அவருக்கு வசனம் கிடையாது. அவர் தட்டில் விழுந்த சாம்பார் சாம்பல் நிறமாகிவிடும், ஆனால் ருசி ஒன்றும் குறையவில்லை என்று பிலோமினா சொன்னாள். அப்படியென்றால் அவர் வைத்த மிச்சத்தை இவள் சாப்பிடுகிறாள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பனி உருகவில்லை. எங்கள் பிள்ளைகள் அதுவரை படத்தில் பார்த்த பனியை உப்பு என்றே நினைத்திருந்தார்கள், தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து உப்பில்லை என்று அறிவித்தார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிவர, அவர் குனிந்து தோளைக் காட்டுவார். எத்தனை பேர் அள்ளினாலும் தோளில் இருந்தது இருந்தபடியே இருந்தது. பார்பர் வந்து அவருடைய மூன்று நாள் தாடியை மழித்தார், கத்தியைத் துடைப்பதற்குள் அதே மூன்று நாள் தாடி முகத்தில் இருந்தது. பங்குச் சாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளிக்க, அது மணிமணியாக உறைந்து தரையில் உருண்டது. குவார்ட்டர்ஸ் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று யோசித்த நாயுடு, உறவு என்ற இடத்தைக் காலியாக விட்டு வந்த தேதியை மட்டும் எழுதினார்.

படத்தில் அவருக்கு உடைந்ததைச் சரிசெய்கிற வேலை, இங்கேயும் அதையே செய்தார். இருபது வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றினார், மூன்று வருஷமாகக் காற்றை மட்டும் இறைத்துக்கொண்டிருந்த அடிபம்பில் தண்ணீர் வரவைத்தார், பக்கத்து வீட்டுச் சூசையம்மாளின் தையல் மிஷினை ஓடவைத்தார். பொழுது சாய்ந்ததும் பிலோமினாவின் அடுக்களை ஜன்னலில் போய் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடியில் மட்டும் வெண்மையாக மூச்சின் ஆவி படியும். வீடு குளிர்ந்து கிடந்தது. மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்த பிலோமினா, எட்டு வருஷத்தில் இப்போதுதான் விடியும்வரை தூங்குவதாகச் சூசையம்மாளிடம் சொன்னாள். ரெண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டால் உடம்பு தேறும் என்பதை அவளைப் பார்த்தே தெரிந்துகொண்டோம், அவ்வளவு தெளிவு வந்திருந்தது முகத்தில்.

சும்மா இருப்போமா. ஆளுக்கொரு பெயரோடு அவள் அறை வாசலில் போய் நின்றோம். கிணற்றில் விழுந்த மகன், பம்பாய்க்குப் போன தம்பி, பிரசவத்தில் போன மருமகள், காணாமல்போன எருமைகூட வந்தது அந்த வரிசையில். அவள் யாருக்கும் சொல்லவில்லை. தெரியாமல் ஒரு தடவை வாய் தவறியது, இனி மைக்கில் ரயில் தவிர வேறு பேச்சில்லை என்று சொல்லிவிட்டாள். மற்ற ஐந்து படங்களின் முடிவிலும், போய்விட்டார், கதை முடிந்தது, பார்த்துப் போங்கள் என்று சொல்லி மைக்கை வைத்தாள், அவற்றிலிருந்து ஒருவரும் வரவில்லை. எங்களுக்குக் கோபம்தான். கடைசியில் சூசையம்மாள்தான், கேங்மேன் புருஷனைத் தண்டவாளத்தில் பறிகொடுத்தவள், உரிமையோடு கேட்டாள்.

“சரிட்டி, எங்களுக்குச் சொல்லாண்டாம். ஒம் புருசன் பேரச் சொன்னா என்ன கொறஞ்சிரும்?”

பிலோமினா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“சொன்னேன்க்கா,” என்றாள். “இவரு வந்த மறுநாளே சொன்னேன். மத்தியானம், ஒரு வண்டியும் இல்லாத நேரம். பேரு, ஊரு, தகப்பன் பேரு எல்லாம் சொல்லி மூணு தடவ சொன்னேன். அவுக வரல்ல.”

அடுத்த உள்ளியை எடுத்துக்கொண்டு பிலோமினாவே மறுபடியும் சொன்னாள்.

“இவரு போவணும்னு நெனச்சுப் போனவரு இல்லக்கா. படம் எடுத்தவன் போகச் சொன்னான், போனாரு. அதான் ஒரு சொல்லுக்கு வந்துட்டாரு. எங்க வீட்டு ஆளு மனசோட போயிருக்காவ.”

இதைச் சூசையம்மாள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாளாம். மறுநாள் காலைக்குள் காலனி முழுக்கத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து யாரும் பெயரைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போகவில்லை.

ஏழாவது சனிக்கிழமை முறைப்படி தொப்பிக்காரர் படம் திரும்ப வந்தது. கூரை வேய்கிறவரை எல்லாம் சரியாக இருந்தது. கடைசி ரீலில், ஜன்னலில் அவள் வந்து நின்றாள், பாதை இருந்தது, பனி பெய்தது, நடந்து போக ஆள் இல்லை. பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய ரீல் முடியவில்லை. போக வேண்டியவர் போனால்தானே படம் முடியும். அவள் நின்றுகொண்டே இருந்தாள், ரீல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் ஏகாம்பரம் மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்துச் சுருள் குறையவில்லை, அந்தப் பக்கத்துச் சுருள் பெருகவில்லை என்று எட்டிப் பார்த்துச் சொன்னார். கூடத்தில் குளிர் ஏறியது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், அவள் நின்ற இடத்தில் நின்றாள். ஏகாம்பரம் விளக்கை அணைத்துத்தான் அவளை மறைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரமும் அதையே போடச் சொன்னாள் பிலோமினா. அதற்கடுத்த வாரமும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். இரண்டாம் தடவை ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. மூன்றாம் தடவை அந்தப் பெண்ணின் காதோரம் நரைத்திருந்தது, அவள் ஜன்னலைவிட்டு வந்து மேஜையில் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பவும் ஜன்னலுக்குப் போனாள். கெல்லர் துரை அப்படி ஒரு காட்சி எடுக்கவே இல்லை, எங்களுக்கு அந்தப் படம் மனப்பாடம். பகலில் பெட்டி அறையைக் கூட்டப் போனால் மூடிய தகரப் பெட்டிக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது, எனக்கு மாற்றல் வாங்கிக் கொடுங்கள் என்று ஏகாம்பரம் நாயுடுவிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

தொப்பிக்காரரைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று பிலோமினா சொன்னதும் காலனி கூடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் எல்லோரும் எதிர்த்தோம். மழைக்காலம் வருகிறது, இன்னும் பதினாறு வீட்டில் ஓடு பாக்கி, பம்பு மறுபடி மக்கர் செய்தால் யார் பார்ப்பது. திரையில் இருப்பவள் வெறும் வெளிச்சம், வெளிச்சத்துக்கு என்ன பசியா தாகமா என்று நாயுடுவே கேட்டார். பிலோமினாவுக்கும் அவரை அனுப்ப மனமில்லை, அது எங்களுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவள் வீட்டு அடுப்பு எரியவில்லை, அவள் கண் வீங்கியிருந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு ஆள் இருந்து எத்தனை காலமாகிவிட்டது. இருந்தும் எழுந்து நின்றாள்.

“அவள அங்கன நிக்க வச்சது என் வாயி சார்,” என்றாள். “நிக்கது எப்படி இருக்கும்னு இந்தக் கூட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

கூட்டம் அத்தோடு கலைந்தது.

சனிக்கிழமை மத்தியான பாசஞ்சரில் அனுப்புவதாக ஏற்பாடு. பெண்கள் புளியோதரையும் முறுக்கும் செய்து, நாலு அடுக்கு டிபன் கேரியரில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். பிலோமினா வழியனுப்ப வரமுடியவில்லை, அவள்தான் அறிவிக்க வேண்டும். ஒரு வண்டிக்கு நான் அறிவிக்கிறேன், நீ போய்ப் பார் என்று நாயுடு சொல்லிப் பார்த்தார். நான் சொன்னாத்தான் போவாரு என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது, எந்த வண்டிக்கும் வருகிற அதே குரல். தொப்பிக்காரர் அண்ணாந்து அந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்து பனி உதிர்ந்து பிளாட்பாரத்தில் விழுந்து, அத்தனை நாளில் முதல் தடவையாக உருகியது. வண்டி நகர்ந்து கடைசி சிக்னல் தாண்டும்வரை அவர் பெட்டி வாசலில் நின்று ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு போனார். பின்னால் இதைப் போய் அவளிடம் சொன்னோம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். உள்ளே நுழைய முடியாதவர்களும் கேட்கட்டும் என்று வெளியே நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். கடைசி ரீலில் அவள் ஜன்னலில் நின்றாள், தலை பாதி நரைத்து. பனி, பாதை, வேறொன்றும் இல்லை. பிலோமினா மைக்கை எடுத்து, எங்களைப் பார்க்காமல், திரையில் அவளுடைய முதுகைப் பார்த்து அறிவிப்பைச் சொன்னாள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பாதையின் கடைசியில் ஒரு புள்ளி வந்தது. புள்ளி ஆளானது. ஆள் தொப்பிக்காரரானார், கையில் நாலு அடுக்கு டிபன் கேரியர். கூடம் இடிந்துவிழுகிற மாதிரி நாங்கள் போட்ட சத்தத்தில் தூங்கிய குழந்தைகளெல்லாம் எழுந்து அழுதன. கெல்லர் துரை ஆறு படத்தில் ஒருவரைக்கூடத் திரும்பி வரவிடவில்லை, செம்பாறை வரவைத்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவள் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், கோட்டை வாங்கி மாட்டினாள், டிபன் கேரியரைப் பிரித்து இரண்டு தட்டிலும் புளியோதரையை வைத்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். படம் முடிந்தது என்று சிலர் எழுந்தும்விட்டார்கள்.

அவள் திரும்ப ஜன்னலுக்குப் போனாள். அவர் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் ஜன்னலில் நின்று, யாரும் வராத பாதையை முன்பு போலவே பார்த்தாள்.

முன்வரிசையிலிருந்து சூசையம்மாள் திரும்பிக் கேட்டாள். “அவருதான் வந்துட்டாரே. இன்னும் யாரப் பாக்கா?”

பிலோமினா மைக்கில் சொன்னாள்.

“யாரையும் இல்லக்கா. பழகிருச்சு.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். மைக்கை வாயிலிருந்து எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை; எட்டு வருஷத்து அழுகை நாலு ஸ்பீக்கரிலும் போய், காலனி முழுக்க, யார்டு முழுக்க, ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றவர்கள் காதுவரை கேட்டது. ஏகாம்பரம் படத்தை நிறுத்தினார். மைக்கின் சுவிட்ச் நாயுடுவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அவர் அதை அணைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.